கால் அவனுடையது, கை அவளுடையது

மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்கும் இடத்தில்
டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே
எங்கள் ஸ்டுடியோ.
சுவரெங்கும் கயிற்றுநார் மெத்தை,
தலைக்கு மேல் தகரம்.
கீழே கம்ப்ரசர் ஓடாத நேரம்தான் எங்கள் நேரம்:
இரவு பத்திலிருந்து
திருவனந்தபுரம் போகும் முதல் பஸ்
ஹார்ன் அடிக்கும் வரை.

மாசியில் ஆரம்பிக்கும்போது நாலு பேர்.
ரெக்ஸ்லின் டிரம்ஸ். பிபின்தாஸ் பேஸ்.
பாட ஷெர்பின். கிட்டார் நான்.
மூன்று பாட்டு முடிந்தது.
நாலாவதுக்கு டிரம்ஸ் பதிந்த மறுநாள்
ரெக்ஸ்லினுக்கு விசா வந்தது.
தம்மாம். ஏசி மெக்கானிக்.
"மெட்ரோனோம் இருக்கில்லா லே,
அதுக்கூட வாசிங்க" என்றான்.
ஸ்டிக் இரண்டையும் ஸ்னேர் மேல் சேர்த்து வைத்தான்,
சாப்பிட்டவன் இலையை மடிப்பதுபோல.

ஷெர்பின் சண்டை போட்டுப் போனான்.
பாட்டைப் பற்றிய சண்டை அல்ல.
ஆம்ப் வாங்கிய கணக்கில் மிச்சம் நாலாயிரம்.
கொச்சியில் வேறொரு பேண்டில் பாடுகிறான்.
நன்றாகவே பாடுகிறான்.
போனில் பாதி கேட்டு அணைத்தேன்.

அவன் குரலை அழித்துவிட்டு
எல்லாவற்றையும் நானே பாடினேன்.
பிபின்தாஸ் ஹெட்போனைக் கழற்றினான்:
"நீ பாடல்ல லே,
கடனத் திருப்பிக் கேக்குத மாதிரி இருக்கு."
கொஞ்சம் யோசித்து,
"இருக்கட்டு, அதுவும் ஒரு விதம்" என்றான்.

ஆனால் அழித்த பிறகும் ஷெர்பின் போகவில்லை.
முதல் மூன்று பாட்டில்
டிரம்ஸுக்கு வைத்த மைக்குகளுக்குள்
அவன் மிச்சம் இருந்தான்,
அடுத்த வீட்டில் யாரோ யாரையோ
கூப்பிடுவதுபோல.
சிம்பலை வெட்டினால்தான் அவனை வெட்டலாம்.
வெட்டவில்லை.

ஐப்பசியில் ஆன்சி டெல்ஃபா வந்தாள்,
கருங்கல்லிலிருந்து ஸ்கூட்டியில், ரெயின்கோட் சொட்ட.
பகலில் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்.
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்ஸ்,
அங்கே மெதுவாக அடிக்கச் சொல்வார்களாம்.
முதல் நாள் அவ்வளவுதான் பேசினாள்.
பிறகு ரெக்ஸ்லின் ஸ்டூலைத் திருகி
நாலு விரற்கடை தாழ்த்தினாள்.
அந்தக் கிறீச்சில்தான்
அவன் ஊரில் இல்லை என்பது
எனக்கு உறைத்தது.

ஆறாவது பாட்டில் பின்னால் ஓர் இரைச்சல் கேட்கும்.
ஷேக்கர் என்று நினைப்பீர்கள்.
அது மழை.
கூரையின் தென்மேற்கு மூலை.

நாலாவதை அவள் மூன்று முறை போடச் சொன்னாள்.
"இவருக்க கால் ஒரு துளி லேட்டு.
அந்த லேட்டு கொள்ளாம்.
கிக் மட்டும் அப்படியே கெடக்கட்டு."
மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு
அவன் காலுக்கு மேலே
தன் இரண்டு கைகளையும் வாசித்தாள்.
ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவர்
நாலு நிமிடம் பதினொரு நொடிக்கு
ஒரே உடம்பு.
கண்ணை மூடிக் கேட்டால்
எனக்கே தையல் தெரியவில்லை.

அட்டைக்குப் பெயர் எழுத உட்கார்ந்தோம்.
இருப்பவர்கள் ஒரு பக்கம்,
இருந்தவர்கள் ஒரு பக்கம் என்றான் பிபின்தாஸ்.
"அப்ப நாலாவது பாட்ட
எந்தப் பக்கம் எழுதுவிய?" என்றாள்.
பேனா நின்றது.
அன்று வேறு எதுவும் எழுதவில்லை.

முன்பே சொல்லியிருக்க வேண்டும்:
அந்த நாலாயிரம்
கொடுக்க வேண்டியவன் நான்.
மாஸ்டரிங் முடிந்த இரவு
ஷெர்பினுக்கு அனுப்பினேன்.
பணம் போய்ச் சேர்ந்ததாக வங்கி சொன்னது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தம்மாமில் லீவு.
ரெக்ஸ்லினிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்,
பின்னணியில் குக்கர் விசில்.
"மக்கா, எல்லாம் கேட்டேன்.
அந்த நாலாவது…
நானா லே இப்படி அடிச்சேன்?
கொள்ளாமே!"

டெல்ஃபாவிடம் போட்டுக் காட்டினேன்.
ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.
இன்னொருதரம் போடச் சொல்லிக் கேட்டாள்.
"ஆமான்னு சொல்லுங்க" என்றாள்.