ஸ்டில்

ஐலா தீவின் வடகரையில்
நாலு செம்புப் பாத்திரங்கள்,
கழுத்து நீண்டு, அடி பெருத்து,
மாதமான வயிறு போல.
அவற்றுக்குப் பெயர் ஸ்டில்.
காவல் இருப்பவன் ஸ்டில்மேன்.
பதினெட்டு வருஷமாக அந்தப் பெயரில்
சம்பளம் வாங்குகிறான் டார்க்கில் மெக்கெக்கர்ன்.
அசையாத மனிதன் என்றும் அர்த்தம் வரும்;
முதல் வாரமே அந்தக் கேலியை
அடித்துத் துவைத்துத் தீர்த்துவிட்டார்கள்.

உண்மையில் அவனுக்கு உட்கார நேரமில்லை.
வால்வைத் திருகு, ஆவியைக் குறை,
பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள்
ஓடும் சரக்கைப் பார்.
முதலில் வருவது தலை, தள்ளு.
கடைசியில் வருவது வால், அதையும் தள்ளு.
நடுவில் வருவதற்குப் பெயர் இதயம்.
அதை மட்டும் பீப்பாயில் சேர்.

காற்று ஓய்ந்த விடியலில்
ஜன்னலைத் திறந்து ‘ஸ்டில்’ என்பாள் இஷ்பெல்.
அலை படுத்துவிட்டது என்று பொருள்.
கப்பல் வரும், தபால் வரும், வாழைப்பழம் வரும்.
அதே வாயால், அதே சொல்லால்,
இன்னுமா தூக்கம்,
இன்னுமா அந்தக் கூரை ஒழுகுகிறது,
இருந்தாலும் உன்னைப் போய்க் கட்டிக்கொண்டேனே.
சிக்கனக்காரர்கள்.
கல்யாணத்துக்கும் களை பிடுங்கவும்
ஒரே சட்டை.

நமக்குத் தெரிந்த ஸ்டில் ஒன்றுதான்:
கதாநாயகன் அந்தரத்தில் உறைந்து நிற்கும் படம்.
அவர்களிடமும் அப்படி ஒன்று இருந்தது.
இருபதாம் வாரத்து ஸ்கேன்,
சாம்பல் நிறத்தில் ஒரு குதிகால்.
மூணாம் நம்பர் மானிக்குப் பக்கத்தில்
காந்தம் வைத்து ஒட்டியிருந்தான்.
ஆவிபட்டு ஓரம் சுருண்டிருந்தது.

முப்பத்துநாலாவது வாரம்
காற்று தெற்கிலிருந்து அடித்தது.
கப்பல் இல்லை. விமானம் ஒன்றரை மணி தாமதம்.
கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் நர்ஸ்
வயிற்றின் மேல் கருவியை நகர்த்தினாள்,
நகர்த்தினாள்,
பிறகு நகர்த்தவில்லை.

படிவத்தில் அச்சடித்திருந்தது,
பிறப்புக்கு முன்னால் அந்தச் சொல்,
நடுவில் ஒரு மூச்சு இடம்கூட விடாமல்.
ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவன்தான்.
ஆனாலும் கையெழுத்துப் போடும்போது
அவன் கண் வாசித்தது இப்படி:
இருந்தாலும் பிறந்தாள்.

திரும்பி வேலைக்கு வந்தான்.
யாரும் ஒன்றும் பேசி வைத்துக்கொள்ளவில்லை,
ஆனால் ஆலையிலிருந்து அந்தச் சொல்
காணாமல் போயிருந்தது.
பெரிசு என்றார்கள், சின்னது என்றார்கள்,
செம்பு என்றார்கள், மூணாம் நம்பர் என்றார்கள்.
மேஸ்திரி ஹெக்டர் கர்ரி ஒருநாள்,
‘நீ இன்னும்’ என்று ஆரம்பித்து
பாதியில் கடித்துக்கொண்டு,
‘உன்கிட்டே, அந்த, சைக்கிள் இருக்கா?’ என்றார்.
‘இருக்கு.’
‘நல்ல சைக்கிள்.’
அவர் காது சிவந்ததை
டார்க்கில் பார்க்காத மாதிரி திரும்பினான்.

நான் இதை எழுதும் மொழியில்
வடிக்கும் பாத்திரத்துக்கு வாலை என்று பெயர்.
வாலை என்றால் சின்னப் பெண் என்றும் பொருள்.
அவனுக்குத் தெரியாது.
ஆறாயிரம் மைல் தாண்டிப் போய்
இதை அவனிடம் சொல்ல
நான் யார்?

நவம்பரில் ஓர் இரவு, மணி இரண்டேகால்,
கழுத்து மடிப்பில் வெள்ளையாய் ஒரு சீறல்.
டார்க்கில் ஏணியில் நின்று கத்தினான்:
‘மூணாவது ஸ்டில்! ஸ்டில் கசியுது!’
ஒரு நொடி யாரும் அசையவில்லை.
பிறகு எல்லோரும் ஓடினார்கள்,
தேவைக்கு மேல் வேகமாக,
ஒருத்தன் ஸ்பானரோடு,
ஹெக்டர் எதற்கென்று தெரியாமல் ஒரு வாளியோடு,
ஸ்டில், ஸ்டில், அந்த ஸ்டில்லை மூடு என்று
ஆறு மாதத்துப் பாக்கியை
மொத்தமாகக் கத்தித் தீர்த்தபடி.

விடிந்து வீடு வந்தான்.
இஷ்பெல் ஜன்னலைத் திறந்து நின்றாள்.
கடலில் ஒரு சுருக்கம் இல்லை.
அவள் வாய் திறந்தது.
‘கப்பல் வரும்’ என்றாள்.