சிகரெட் பெட்டி அளவு

நீலம், மகளின் மழைக்கோட்டு உள்துணி.
மஞ்சள், சமையலறைத் திரை.
ஓரத்தில் இஸ்திரி சுட்ட பழுப்பை
வெட்டி எறிய நேரமில்லை,
விடிந்தால் ரயில். அப்படியே மடித்துத் தைத்தேன்.

பதினொரு மாதம்.
விடுப்பில் வந்த யாரெமா
பூட்ஸ் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.
துவைக்கச் சட்டைப்பையைக் காலி செய்தேன்:
ஒரு ஸ்பூன், இருமல் மாத்திரை, கொடி.

என் தையல் இல்லை அது.
நான் நூலைப் பல்லால் கடிப்பவள்.
இதில் ஒவ்வொரு முடிச்சும்
கத்தரியால் சீராக நறுக்கியிருந்தது.
மூலையில் சிவப்பு நூலில் ஒரு செர்ரி.

எழுந்ததும் கேட்டேன்.
"டெம்யானுடையது. மாற்றிக்கொண்டோம்.
சும்மா, ஒரு ராத்திரி, சீட்டாட்டத்தில்."
டீயில் சர்க்கரை போட்டான். கலக்கவில்லை.
"உன்னுடையது அவனோடு போய்விட்டது."

சுமியில் ஒரு விலாசம்.
மூன்றாம் மாடி, மணி வேலை செய்யாது,
தட்ட வேண்டுமாம்.
கொடியைத் துவைக்கவில்லை.
அவன் அழுக்கோடு காகிதத்தில் சுற்றினேன்.
கூடவே எழுத இதுதான் தேறியது:

அம்மா, உங்கள் மகனோடு இருக்கும் கொடியில்
ஓரமாக ஒரு சுட்ட இடம் இருக்கும்.
அது போரில் பட்டதல்ல.
என் அவசரம். மன்னித்துவிடுங்கள்.