லெப்ட்

ஹம்டன் லேனில் சாரிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.
ஞாயிறு பின்னேரம் நாலு மணி.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும்.
அந்தப் பக்கம் முந்தி வந்தவர்களுக்கு.

பர்ஸானா மிஸ்ஸுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு.
பலகையில் நாலெழுத்து எழுதிவிட்டுத்
திரும்பாமலே கேட்டார்:
"இதுக்கு எத்தனை அர்த்தம்?"

இடப்பக்கம், என்றார் த்ரீவீல் ஓட்டுகிற மஃரூப்.
சொல்லும்போதே கை தானாக ஒடிந்து திரும்பியது.
"ஆனா மிஸ், எல்லாரும்
லெப்ட்டுன்னு சொல்லிட்டு
ரைட்டுக்குத்தான் கை காட்டுறாங்க."

இரண்டாவது, போனது.
போய்விட்டாள், விட்டுப் போனாள், வைத்துவிட்டுப் போனாள்:
தமிழில் இவை மூன்று,
ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத மூன்று.
இங்கிலீசு மூன்றையும் ஒரே கதவால் அனுப்புகிறது.

மூன்றாவதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.
மிச்சம்.
போனதற்கும் அந்தச் சொல்,
போகாமல் கிடப்பதற்கும் அதே சொல்.
"பிழை இல்லையா மிஸ்?"
"பிழை இல்லை. அப்படித்தான்."

நான் சைவக்கடையில் காசு மேசை.
இரவு பத்துக்கு ஷட்டர் பாதி இறங்கியதும்
கண்ணாடிப் பெட்டியில் எத்தனை வடை மிச்சம் என்று எண்ணிக்
கொப்பியில் எழுதவேண்டும்.
ஏழு. பதினொன்று. மழையென்றால் முப்பது.
நாளையிலிருந்து அந்த நிரலின் தலையில்
இங்கிலீசில் எழுதலாம்.
வடையெல்லாம் இடப்பக்கம் போய்விட்டதென்று
முதலாளி தேடக்கூடும்.

ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னார் மிஸ்.
பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடையில் நிற்கிற யோகசீலன்
சம்பளத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதினார்.
"'இன்' இல்லை, 'ஃப்ரொம்' வரும்" என்று திருத்தினார் மிஸ்.
திருத்திய பிறகும் மிச்சமில்லை.
எல்லோரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டோம்.

என் முறை.
நாற்பத்திரண்டாம் ஒழுங்கையில் என்னோடு
அறை எடுத்திருந்தவள் தாரகேஸ்வரி.
ஒரு காலை, வெள்ளவத்தை ஸ்டேஷனில்
நகரத் தொடங்கிய ரயிலில் பாய்ந்து ஏறுகையில்
வலக்கால் செருப்பு தண்டவாளத்தில் விழுந்தது.
அன்று பின்னேரம் ஒற்றைச் செருப்போடு
சிரித்துக்கொண்டு வந்தாள்.
அடுத்த புதன் இரவு டோஹாவுக்குப் போனாள்,
என்னுடைய கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு.
இரண்டு மாத வாடகையில் பாதி தரவேயில்லை.

அந்த ஒற்றைச் செருப்பு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.
எறிந்திருப்பேன்.
குப்பை எடுக்க வருகிறவன்
ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேள்வி கேட்பான்.

எழுந்து வாசித்தேன்:
ஷீ லெப்ட். ஹர் லெப்ட் ஸ்லிப்பர் இஸ் லெப்ட்.

மஃரூப் மேசையில் தட்டினார்.
யோகசீலன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.
"மூன்றும் ஒரே மூச்சிலை!" என்று
மிஸ் என் கொப்பியில் ஒரு நட்சத்திரம் போட்டார்,
சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி.

மிஸ்ஸிடம் சொல்லாதது ஒன்று:
அந்தச் சொல் எனக்குப் பழையது.
வாட்ஸ்அப்பில் நாங்கள் மூன்று பேர் ஒரு குழு.
அரிசி யார் வாங்குவது, திறப்பு யாரிடம், இவ்வளவுதான் பேச்சு.
கலியாணமாகி நிரோசா போன அன்று
போனே சாம்பல் எழுத்தில் அறிவித்தது, நிரோசா லெப்ட்.
பிறகு தாரகேஸ்வரி லெப்ட்.
இடப்பக்கம் என்று நான் ஒருநாளும் வாசித்ததில்லை.
குழு இன்னும் இருக்கிறது.
போன கிழமை அதில்
அரிசி வாங்கியாச்சு என்று போட்டேன்.

"அடுத்த ஞாயிறு ரைட்" என்றார் மிஸ்,
பலகையை அழித்தபடி.

வழக்கமாகக் காலி வீதியால்தான் போவேன்.
அன்று கடற்கரைப் பக்கம் இறங்கி
ஸ்டேஷன் முடியும் வரை
தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
கல்லு, ஒரு யோகட் கோப்பை, திரும்பவும் கல்லு.
பாணந்துறை ரயில் வந்தது.
ஒதுங்கி நின்றேன்.