சூலம்: மேற்கு

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
பிளான் போடும் வேலை எனக்கு.
ஒரு நாளைக்கு
மூன்று குளியலறையாவது வரைந்துவிடுவேன்.
கதவு திறக்கும் கால்வட்டம், கோப்பையின் முட்டை வடிவம்,
வெளிச்சுவரில் ஒரு சின்னக் கோடு,
பக்கத்தில் 'வி' என்று ஓரெழுத்து.

விதி அதிகம் கேட்பதில்லை.
ஈரக்காற்று வானத்தைப் பார்க்க வேண்டும்.
ஜன்னல் வழியாகவோ, விசிறி வழியாகவோ,
தலை மூடாத ஒரு குழி வழியாகவோ.
மாடிப்படிக்குள் விடக் கூடாது,
அடுத்த அறைக்குள் விடக் கூடாது,
பரணுக்குள் விடவே கூடாது.

தெற்கிலிருந்து வந்தால் தென்றல்,
வடக்கென்றால் வாடை, கிழக்கென்றால் கொண்டல்.
சோப்பும் ஷாம்பும் நேற்றைய தலைமுடியுமாக
குளியலறையிலிருந்து கிளம்பும் காற்றுக்கு
யாரும் பேர் வைக்கவில்லை.
அதனால்தானோ என்னவோ
வீடு கட்டுகிறவர்களுக்கு அது ஞாபகம் வருவதில்லை.

ஆனையூரில் போன தை மாதம் பால் காய்ச்சிய வீடு.
ஆடியில் போன் பண்ணினார் போஸ்.
"சீலிங்ல கறுப்பு கறுப்பாப் பூக்குது தாயி,
பெயின்ட் அடிச்சு ரெண்டு மாசம் தாங்கல.
ஃபேனெல்லாம் போட்டுத்தான் வச்சிருக்கு."

போட்டுத்தான் இருந்தது.
வெள்ளை ஜிப்சம் பலகையில், வட்டமாக,
நல்ல கம்பெனி, நல்ல இரைச்சல்.
ஹாலில் போய்
காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து வந்து
விசிறியின் முகத்தில் வைத்தேன்.
இழுத்தால் ஒட்டும்.
ராகு காலமும் எமகண்டமும்
சுழன்று சுழன்று என் காலடியில் விழுந்தன.

ஸ்டூலில் ஏறிப் பலகையை நகர்த்தினேன்.
விசிறிக்குப் பின்னால் குழாய் இல்லை.
ஒரு முழம் இருட்டு, அப்புறம் சுவர்.
நான் மூணுக்கு நாலு வரைந்த குழி
மாடி மட்டத்தில் சிலாப் போட்டு மூடிக் கிடந்தது.
அதன் மேல் ஒரு பீரோ.
"சும்மா கெடக்குற எடம்தானே தாயி,
சதுர அடி என்ன வெல விக்கிது."
கொத்தனார் ஒச்சப்பன் போனில் சொன்னார்:
"காத்துதானே? எங்கிட்டாவது போகும்."

எங்கிட்டும் போயிருக்கவில்லை.

மருமகள் அழகுமீனா துண்டை மடித்துக்கொண்டே
பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:
"போன வாரம் தலைக்கு ஊத்துறப்ப
கிறுகிறுன்னு வந்துருச்சுக்கா.
கதவைப் புடிச்சு வெளிய வந்து ஒக்காந்துட்டேன்.
வெறும் வயிறுன்னாங்க அத்தை."

அப்போதுதான்
கதவுக்குப் பின்னால் இருந்த கேஸ் கீசரைப் பார்த்தேன்.
சின்ன ஜன்னலுக்குள் நீலமாக, சாதுவாக ஒரு தீ.
அதன் மூச்சுக்கு நிறமில்லை, வாசமில்லை,
இருமல் கூட வராது.
வெறும் வயிறு இல்லை அது.
சிலிண்டரை நானே மூடினேன்.
போஸ் என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்,
பிறகு வெகுநேரம் பீரோ இருக்கும் திசையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒச்சப்பன் வந்தார்,
கையில் வாடகை டிரில், வாயில் முணுமுணுப்பு.
கீசர் வெளிச்சுவருக்குப் போனது.
மேற்குச் சுவரில் ஆறு அங்குலத் துளை.
கடைசிச் செங்கல் துண்டு விழுந்ததும்
பக்கத்துக் காலி மனையின் கருவேலமரம்
வட்டமாக உள்ளே எட்டிப் பார்த்தது.
குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சாய,
கதவடியில் காற்று நுழைய ஒரு விரல் சந்து.

அன்றைய தாளையே கிழித்து வைத்தேன்.
பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.
சூலம்: மேற்கு. பரிகாரம்: வெல்லம்.
போகக் கூடாத நாளில் போகக் கூடாத திசைக்கு
வெல்லம் தின்னாமல்
போய்க்கொண்டிருந்தது காற்று.
ஒச்சப்பன்தான் முதலில் சிரித்தார்.

மறுநாள் ஆபீசில், அடுத்த வீட்டின் குழிக்குள்
ஓ.டி.எஸ். என்ற எழுத்துக்குக் கீழே
'தயவுசெய்து மூடாதீர்கள்' என்று சேர்த்தேன்.
என்ஜினியர் குபேந்திரன் அழித்துவிட்டார்.
வரைபடத்தில் கெஞ்சக் கூடாதாம்.

எழுத்தை இரண்டு அளவு சிறிதாக்கி
மீண்டும் வைத்திருக்கிறேன்.