குறிப்புக் கட்டம்

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று காலை பத்து மணிக்கே
எங்கள் மேஜைக்கு வந்துவிட்டது பட்டியல்.
யார் தந்தார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.
பெயர், மதிப்பெண், அப்பாவின் தொழில், செல் நம்பர்,
கடைசியில் காலியாக ஒரு குறிப்புக் கட்டம்.

எனக்குக் கிடைத்தது மாவட்டத்தின் மேற்குப் பாதி.
அறுநூற்று நாற்பது பிள்ளைகள்.
அதில் நாற்பது பேரைக் கொண்டு சேர்த்தால்
சம்பளத்தோடு பெட்ரோல் காசு.
முப்பத்தொன்பது என்றால் சம்பளம் மட்டும்,
அதுவும் கெஞ்சிக் கேட்டால்தான்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடி அறையில்
ஆறு பேர் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறோம்:
"பல்கலைக்கழகத்திலிருந்து பேசுறோம்."
பாலத்தில் லாரி ஏறும்போது
பல்கலைக்கழகம் கொஞ்சம் அதிரும்.

எடுக்கவில்லை. யோசிக்கிறார்கள்.
பெங்களூரில் நர்சிங் சேர்ந்தாயிற்று.
பையன் கடலுக்குப் போயிருக்கான், வந்தா சொல்லுதோம்.
ஒரு அம்மா, நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு
"அவன் பாஸாவல்ல மக்களே" என்றாள்.
பட்டியலில் பாஸ் என்றிருந்தது.
நான் மறுத்துப் பேசவில்லை.

ஜூன் மழையில், கடையாலுமூடு தாண்டி,
ஸ்கூட்டர் ஏறாத ஒரு ரப்பர் சரிவில் நடந்தேன்.
மழையென்றால் பால்வெட்டு கிடையாது,
அப்பா வீட்டில் இருப்பார்.
இப்படிச் சிலது படித்துவிட்டேன், வேலைக்கு வந்தபிறகு.

தங்கையன். மகள் பிரதிஷா, ஐநூற்று நாற்பத்தியேழு.
கட்டன்சாயா வந்தது. அவித்த மரச்சீனி வந்தது,
காந்தாரி மிளகு நசுக்கிய சம்மந்தியோடு.
வழவழத்த தாளில் ஒரு நீச்சல்குளத்தை விரித்துக் காட்டினேன்.
அந்தக் குளத்தில் எங்கள் ஆட்கள் யாரும் நனைந்ததில்லை.
அவர் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்,
தொடவில்லை.

"நீங்க எங்க படிச்சிய?"
"அங்கதான். இதே யூனிவர்சிட்டி. இ.சி.இ."
"இப்ப என்ன வேல?"
"இதுதான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
மூன்றாம் பக்கத்தில் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று
தங்க நிறத்தில் அச்சடித்திருக்கிறதே,
அந்த நூறில் நானும் ஒரு ஆள்.
படமும் உண்டு, பட்டமளிப்பு அங்கியில், பின்வரிசையில்;
முன்னால் நிற்பவளின் தொப்பி
பாதி முகத்தை எடுத்துக்கொண்டது.

தங்கையன் பேனாவுக்குக் கை நீட்டினார்.
விரலிடுக்கில் காய்ந்திருந்த ரப்பர் பால்
பேனா மூடியில் இழுபட்டு ஒட்டியது.
அப்போதுதான் அந்தப் பிள்ளை வாய் திறந்தாள்:
"எடையில நின்னுட்டா
ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட திருப்பித் தருவியளா அக்கா?"

எங்கள் பயிற்சித் தாளில்
இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் உண்டு.
இது அதில் இல்லை.
இதன் பதில் இருப்பது சாம்பல் நிற இரும்பு பீரோவில்.
நாலு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் திறக்கும் பீரோ.
என்னுடையதும் அதற்குள் ஏழு மாதம் கிடந்தது.

தகரத்தில் மழை பலமாக விழுந்தது.
அந்தச் சத்தத்தை நம்பித்தான் சொன்னேன்:
"கவுன்சலிங் முடியுத வர
ஒரிஜினல யார் கையிலயும் குடுக்காத.
என் கையிலயும்."
பேனாவை வாங்கி நானே மூடினேன்.
தங்கையன் இன்னொரு துண்டு மரச்சீனி வைத்தார்.

இறங்கும்போது மேனேஜர் இரண்டு தடவை அழைத்தார்.
பிறகு கேட்டபோது சிக்னல் இல்லை என்றேன்.
நான்கு கோடும் இருந்தது.

சாயங்காலம் பட்டியலைத் திறந்தேன்.
யோசிக்கிறார்கள் என்று போட்டால்
நாளைக்கு ஷெர்லி கூப்பிடுவாள்.
விருப்பமில்லை என்று போட்டால் மேனேஜரே கூப்பிடுவார்,
அவருக்கு அழவும் தெரியும்.
பிரதிஷாவுக்கு நேரே
"எண் உபயோகத்தில் இல்லை" என்று அடித்தேன்.
முப்பத்தொன்பதா நாற்பதா, ஆகஸ்டில் தெரியும்.

அடுத்த வரி. கொல்லங்கோடு. பையன்.
அப்பா மீன்பிடி. நானூற்றுப் பன்னிரண்டு.
ரிங் போகிறது.
பாலத்தில் லாரி ஏறுகிறது.