நாற்பத்தோராம் படி

பஸ் மண்முனைப் பாலம் தாண்டும்போதே
டிலக்சனா செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.
இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு என்றேன்.
அவளுக்கு மலை இங்கேயே தொடங்கிவிட்டதாம்.

தாந்தாமலை அடிவாரத்தில்
ஆடித் திருவிழாவின் மிச்சம்:
வெயிலில் வெளுத்த கச்சான் கோது, வெடித்த பலூன்,
சோடியில்லாத ஒரு பிள்ளைச் செருப்பு.
இரண்டு மாதமாய்க் கூட்டமில்லை.
குரங்குகள் எங்களை ஆள் எண்ணிப் பார்த்துவிட்டுத்
திரும்பிக்கொண்டன.

முதல் படிகள் சீமெந்து.
படிக்கொரு பெயர், படிக்கொரு உபயம்.
களுவாஞ்சிகுடி நகைக்கடைக்காரர்,
ஒரு விளையாட்டுக் கழகம்,
யாரோ ஒருவரின் தகப்பன், தோற்றமும் மறைவும் திகதியோடு;
அவர்மேல் மிதிக்கக் கூசி எட்டிக் கடந்தேன்.
டிலக்சனா சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள்,
ஆலையில் மூடை எண்ணுகிற அதே குரலில்.

நாற்பத்தொன்று, என்றாள்.
நான் நின்றேன்.

உபயம்:
ச. கிருபைராசா குடும்பம், கட்டார்.
எழுத்துக்குப் பொன்வர்ணம் வேறு.

இருபது பேர் சீட்டு.
நாலாம் மாதம் கழித்து எடுத்தவன்
ஐந்தாம் மாதம் விமானம் ஏறினான்.
சீட்டுப் பிடித்தவள் நான்.
மற்றவர்கள் என் படலையில்தானே வந்து நிற்பார்கள்,
நின்றார்கள்.
கொக்கட்டிச்சோலை அடகுக் கடைக்குப் போன
இரண்டு காப்பும் ஒரு சோடித் தோடும்
வீடு திரும்பவில்லை.
இங்கே வந்து
படியாகக் கிடக்கின்றன.

குதிகாலால் அழுத்தி மிதித்தேன்.
மறுகா இன்னொரு முறை.
என்னக்கா, முள்ளா?
ஓம் என்றேன்.

எழுபதோடு சீமெந்து முடிந்தது.
அதற்குமேல் மலையேதான் படி.
எவனோ உளியால் கொத்தியது,
நடுவில் குழிந்து
நேற்றைய மழையைக் கையளவு வைத்திருந்தது.
ஒன்றில் தலைப்பிரட்டை.
பெயர் தேடினேன், பழகின கண்.
கொத்தினவனுக்குக் கூலி கொடுத்தார்களா,
அவனையும் யாராவது ஏய்த்தார்களா,
கல்லில் ஒன்றும் இல்லை.

கையையும் ஊன்றி ஏறினோம்.
வெயில் பக்கம் சுட்டது, நிழல் பக்கம் வழுக்கியது.
இடையில் ஒரு செங்கல் மேடு.
முன்பு கோயிலாக இருந்திருக்கும்.
விழுந்த தூணில் தாய்க்குரங்கு குந்தியிருந்து
குட்டிக்குப் பேன் பார்த்தது.

உச்சியில் பூட்டு.
பூசகர் வெள்ளிக்கு வெள்ளிதானாம்.
கம்பிக் கதவுக்குள் வேல் மட்டும் தெரிந்தது,
நுனியில் எலுமிச்சை காய்ந்து கறுத்து.
நாற்பத்தோராம் படியிலிருந்து
வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்த சாபத்தை
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றேன்.
வெறும் வாயோடு கும்பிட்டேன்.

கீழே படுவான்கரை,
விதைப்புக்கு உழுத வயல்கள்,
யானை வேலி, குளத்துக்குமேல் குளம்,
கிழக்கே கோடாய் வாவி.
அந்தா எங்கட மில்லு, என்று விரல் நீட்டினாள் டிலக்சனா.
அது ஒரு மாட்டுப் பட்டி.

இறங்கும்போது பிடித்தது மழை.
தலைமுறை தலைமுறையாய்த் தேய்ந்த கல்
எண்ணெய் பூசினாற்போல் ஆனது.
மரியாதை பார்க்கவில்லை,
இருந்து இருந்து நகர்ந்தேன்,
என் சேலைத் தலைப்பு அவள் கையில்.
சீமெந்துக்கு வந்தால் அதுவும் வெடித்து ஆடியது.
முழங்கால் இனி முடியாது என்ற இடத்தில்
ஒரு படி அகலமாய், அசையாமல், விளிம்பில் பிடியோடு.
எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.
நல்லாய்த்தான் கட்டியிருக்கிறான், பாவி.

இருவரும் தாராளமாய் இருந்தோம்.
நனைந்த பையிலிருந்து பணிசை எடுத்துப் பிய்த்துத் தந்தாள்.
மறுகா, கால் பக்கத்துப் பொன்னெழுத்தில் விரல் ஓட்டி
தெரிஞ்ச ஆக்களாக்கா? என்றாள்.

எழும்பு, பஸ் போயிரும்.

கிறுகிப் பார்த்தேன்.
நாங்கள் இருந்த இடம் மட்டும்
கொஞ்ச நேரம் காய்ந்து கிடந்தது.
மறுகா அதுவும் நனைந்தது.