பின்னணி அளவு

பிராக்னெல். இரவு ஒன்று நாற்பது.
கிளைவ் பெட்டிஃபரின் தோட்டத்தில்
முக்காலி மேல் மைக் நிற்கிறது,
காற்றுக்குப் பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு.
வேலிக்கு அந்தப் பக்கம்
ஹால்கோம்ப் இன்ஷூரன்ஸின் பழைய தலைமையகம்:
நான்கு மாடி, கண்ணாடி, ஆயிரத்து நூறு நாற்காலிகள்.
நாற்காலிகளைப் போன மாதமே ஏலம் விட்டாயிற்று.
அங்கே டேட்டா சென்டர் வருகிறது.
வேலைக்கு ஆள் முப்பத்திரண்டு.
மற்றபடி விசிறிகள்.

விசிறிகள் எவ்வளவு இரையலாம் என்று சொல்ல
இந்தத் தெரு இப்போது எவ்வளவு இரைகிறது என்று
யாராவது முதலில் அளக்க வேண்டும்.
அந்த யாராவது நான்.
கூலி கொடுப்பது கட்டுகிறவர்கள்.

விதி எளிது.
தெரு சத்தமாக இருந்தால் விசிறிகளுக்குத் தாராளம்.
அமைதியாக இருந்தால் அவற்றின் வாய்க்குப் பூட்டு.
பெட்டிஃபரிடம் இதைப் பகலிலேயே
விளக்கியது என் தப்பு.

இப்போது பாருங்கள்:
மீன்குளத்து மோட்டாரை நிறுத்திவிட்டார்.
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.
பத்தாம் எண் வீட்டில் பாய்லர் ஓடவில்லை.
பதினான்கில் நாயை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
அவர் சமையலறைப் படியில்
செருப்பில்லாமல், சாக்ஸோடு உட்கார்ந்து
இருமலை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தொன்று.
முப்பது.

எங்கள் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.
தமிழில் நினைத்தால் கை நிறையக் கிடைக்கிறது:
தொலைவில் நெடுஞ்சாலையின் இரைச்சல்,
இலைகளின் சலசலப்பு,
யாரோ புரண்டு படுத்த கட்டிலின் கிறீச்.
வரப்போவதற்கு மட்டும் அரவம் என்று வைத்தேன்.
அரவம் என்றால் ஓசை. அரவம் என்றால் பாம்பும்.
பாம்பென்று தாண்டவும் முடியாமல்
பழுதையென்று மிதிக்கவும் முடியாமல்
ஒரு தெருவே வேலியோரம் மூச்சைப் பிடித்திருக்கிறது.

இரண்டு பத்துக்கு ஒரு நரி வந்து
குப்பைத் தொட்டியைத் தள்ளிவிடுகிறது. எழுபத்திரண்டு.
பெட்டிஃபர் இரு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறார்.
பரவாயில்லை என்று சைகை காட்டுகிறேன்.
நரி கணக்கில் வராது.
கதவு அறைவது, ஆம்புலன்ஸ், தும்மல், எதுவும் வராது.
வந்து போவதையெல்லாம் கழித்த பிறகு
எது போகாமல் அடியில் கிடக்கிறதோ
அதற்குத்தான் பின்னணி அளவு என்று பேர்.

பேச அஞ்சி, ஒரு கடித உறையின் பின்னால்
எழுதிக் காட்டினார்:
இருபத்தாறு வருஷம் அங்கேதான் இருந்தேன்.
கிளெய்ம்ஸ், மூன்றாம் மாடி.
அடித்தளத்தில் கம்ப்யூட்டர் அறை.
குளிர்காலத்தில் அதன் கதவில் முதுகைச் சாய்த்து
சாண்ட்விச் தின்போம். கதகதப்பாக இருக்கும்.
கொஞ்சம் யோசித்துக் கீழே இன்னொரு வரி:
அது எவ்வளவு இரைந்தது என்று
நினைவுக்கு வரவில்லை.

இருபத்தொன்பது.

குளத்தில் மீன்கள் மேலே வந்துவிட்டன.
வாயைத் திறந்து திறந்து மூடின,
சத்தமே இல்லாமல்.
அவர் என்னைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.
அளவு முடிய இன்னும் பதினெட்டு நிமிடம்.

ஏழு நிமிடம் தாங்கினார். பிறகு எழுந்து போய்
சுவிட்சைப் போட்டார்.
தண்ணீர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கியது.
முப்பத்தாறு.
அதன் பிறகு இருமினார், நன்றாக, பல தடவை.

காரில் வைத்துப் படிவத்தை நிரப்பினேன்.
வானிலை: வறண்டது. காற்று: லேசானது.
குறைந்தபட்சப் பின்னணி அளவு: இருபத்தொன்பது.
குறிப்பு: அப்போது குளத்து மோட்டார் நிறுத்தப்பட்டிருந்தது.
இதைப் படித்தால் கட்டுகிறவர்களின் வக்கீல்
இந்த இரவையே தள்ளுபடி செய்யச் சொல்வார்.
எழுதாமல் விட முடியாது, அடியில் என் கையெழுத்து.
யார் நிறுத்தினார் என்று மட்டும் எழுதவில்லை.
செயப்பாட்டு வினை வேறெதற்கு இருக்கிறது.

வண்டியைக் கிளப்பத் தயக்கமாக இருந்தது.
தெரு லேசான இறக்கம்.
முனை வரை நியூட்ரலில் உருட்டிக்கொண்டே போனேன்.